புதுக்காரின் முதல் ஒயில்: ஆயிரமா, மூவாயிரமா, கையேட்டுக் கணக்கா?

வெள்ளை எனாமல் கோப்பை ஒன்றில் கொஞ்ச எஞ்சின் ஒயிலை வடித்து, கராஜ் வாசலில் விழுந்த காலை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தோம். ஒயில் பனம்பாணி நிறத்தில் இருந்தது. கோப்பையை மெல்ல ஆட்டியபோது, மீன் செதிலின் மினுக்கத்தோடு நுண்ணிய வெள்ளித்தூள் அடியிலிருந்து சுழன்று மேலே வந்தது. இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். எதுவும் உறுத்தவில்லை. கண்ணுக்குத் தெரிந்த உலோகம் கைக்குத் தட்டுப்படவில்லை. அது என் மைத்துனரின் புதிய வாகன் ஆர். ஓடிய தூரம் 1,040 கிலோமீற்றர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இருக்கை உறை கழற்றாத கார்களை மறுபடியும் காண்கிறோம். காணி விற்று, நகை அடகு வைத்து, லீசிங் எடுத்து வாங்கியவை அவை. வாங்கியவர் எவரும் மூன்று வருடத்தில் மாற்றிவிடும் எண்ணத்தில் வாங்கவில்லை. ஒஸ்ரின் ஏ40 கார்களைத் தலைமுறை தாண்டியும் ஓட்டிய ஊர் இது. ஆகவே முதல் ஒயிலை எப்போது மாற்றுவது என்ற கேள்வி இங்கே வீட்டுக்கு வீடு எழுகிறது.

எங்கள் குடும்பத்துக்குள்ளேயே மூன்று விடைகள் இருக்கின்றன. மைத்துனர் ஆயிரம் கிலோமீற்றரில் மாற்றினார். நான் என் டொயோட்டா ஹைபிரிட்டுக்கு மூவாயிரத்தில் மாற்றினேன். கோண்டாவிலில் இருக்கும் அக்கா ஓர் ஆசிரியை. காரோடு வந்த கையேட்டில் அச்சடித்தபடிதான் மாற்றுவேன், ஒரு கிலோமீற்றரும் முந்தமாட்டேன் என்று உறுதியாக நிற்கிறார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: அக்கா கையேட்டை நம்புவது சரி. ஆனால் அவர் திறந்து வைத்திருக்கும் பக்கம் அவருடைய காருக்கு உரியது அல்ல. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெள்ளித்தூளின் கதை

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தொழிற்சாலையில் அதைக் கடைந்து முடித்தபின், வேண்டுமென்றே குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்களைப் போடுகிறார்கள். வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் நிற்பதுபோல அந்தக் கீறல்களில் ஒயில் தங்கி நிற்கும். வாய்க்காலின் வரம்புகளை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் உராய்ந்து உராய்ந்து மட்டப்படுத்தும்போது, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று இசைந்து வருகின்றன. இந்த இசைவின் பெரும்பகுதி முதல் சில நூறு கிலோமீற்றர்களுக்குள் நடந்துவிடுகிறது. அப்போது உதிரும் இரும்பு, பிஸ்டனின் அலுமினியம், சுழலும் கிராங் தண்டைத் தாங்கும் பேரிங்கின் செம்பு, மூட்டுகளில் பூசிய பசையிலிருந்து வரும் சிலிக்கன் எல்லாம் முதல் ஒயிலில்தான் சேர்கின்றன. பாவித்த ஒயிலை ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. முதல் ஒயிலில் உலோகம் உயர்ந்து நிற்கும், இரண்டாவதில் சட்டென்று இறங்கும், அதற்குப் பிறகு ஒரு மட்டத்தில் நிலைகொள்ளும்.

ஒயிலை வடிகட்டும் பில்டர் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் பிடித்துவிடாதா? பெரியவற்றைப் பிடித்துவிடும். சாதாரண பில்டர் நம்பகமாகப் பிடிப்பது ஏறத்தாழ 20 முதல் 30 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள்களை. நம் தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். ஆனால் எஞ்சின் ஓடும்போது பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் இருக்கும் ஒயில் படலம் சில மைக்ரோன் தடிப்பு மட்டுமே. பில்டருக்குத் தப்பிவிடும் அளவுக்குச் சிறிதாகவும், அந்தப் படலத்தைக் கிழிக்கும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கும் துகள்கள்தான் தேய்மானத்தை வளர்க்கின்றன. மைத்துனரின் கோப்பையில் மினுங்கியதும், விரலுக்குத் தெரியாமல் போனதும் அந்த வகைதான்.

ஆயிரத்தில் மாற்றுவது

எங்கள் ஊரில் மிகப் பழைய விடை இதுதான், அதற்கு நியாயமான வரலாறும் உண்டு. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் வந்த காலத்தில் முதல் 500 மைலில் ஒயிலை வடிப்பது வழக்கம். அன்றைய கடைசல் இன்றைய அளவுக்கு நுணுக்கமானது அல்ல. அன்றைய ஒயிலும், குளிருக்கும் சூட்டுக்கும் சேர்த்துச் செய்யப்படாத ஒற்றைத் தரம் கொண்டது. அழுக்கைத் தனக்குள் கரைத்து வைத்திருக்கும் வல்லமை அதற்குக் குறைவு.

இரண்டாவது வேர் மோட்டார் சைக்கிள். நம்மில் பெரும்பாலானோர் முதலில் வாங்கிய புது வாகனம் மோட்டார் சைக்கிள்தான். அதன் கையேடு 500 முதல் 1,000 கிலோமீற்றருக்குள் முதல் ஒயிலை மாற்றச் சொல்லும். கியருள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில். பற்சக்கரங்கள் அரைத்த உலோகமும் கிளச்சின் துகளும் அதிலேயே விழுகின்றன. காரில் கியர்பெட்டிக்குத் தனி ஒயில் இருக்கிறது. எனவே மோட்டார் சைக்கிளின் கணக்கை அப்படியே காருக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

மூன்றாவது வேர் எங்கள் மண்ணுக்கே உரியது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளிப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் முழுவதும் எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஓட ஓடக் குறைய வேண்டிய ஒயில் அளவு கூடிக்கொண்டு போகும். கொக்குவிலில் எங்கள் கார்களைப் பார்க்கும் அண்ணை அந்த நாட்களில்தான் தொழில் பழகியவர். "தம்பி, மணந்து பார்த்தாலே தெரியும், அது ஒயிலா மண்ணெண்ணெயா என்று. அந்த நேரத்தில் ஒயிலை மாற்றிய வண்டி பிழைத்தது, மாற்றாத வண்டி கிராங் கடித்து நின்றது" என்றார். ஆயிரத்தில் வடித்துவிடு என்று அவர் சொல்லும்போது அதில் அந்த அனுபவம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

ஆயிரத்தில் மாற்றுவதால் கிடைப்பது, உலோகம் மிக வேகமாக உதிரும் காலத்து ஒயில் விரைவில் வெளியேறுவது. கெடுதல் உண்டா? புது ஒயில் வழுக்கலாக இருப்பதால் ரிங் சரியாக இசையாது என்று சிலர் அச்சப்படுகிறார்கள். அந்த அச்சத்துக்கு வலுவில்லை. அமெரிக்கக் கொர்வெட் கார் 1992 முதல் முழுச் செயற்கை ஒயிலோடுதான் தொழிற்சாலையை விட்டு வருகிறது. அவற்றின் ரிங்குகள் இசையாமல் போகவில்லை. மெய்யான குறை வேறு. முழு ஒயிலுக்கும் பில்டருக்கும் காசு கொடுத்தபின், அடுத்த இரண்டாயிரம் கிலோமீற்றரில் உதிரும் மிச்சம் புது ஒயிலில் விழுகிறது. அடுத்த மாற்றத்தையும் முந்திச் செய்யாவிட்டால் அந்த மிச்சம் 5,000 வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

கையேட்டுக் கணக்கு

இன்றைய எஞ்சின்கள் பழையவை அல்ல, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைசல் நுட்பமானது, பொருத்துமுன் பாகங்களைக் கழுவுகிறார்கள், ஒயிலின் தரமும் வெகுவாக உயர்ந்துவிட்டது. ஜப்பானில் டொயோட்டா, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்குப் பொதுவாகச் சொல்லும் இடைவெளி 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம். முதல் ஒயிலுக்கென்று தனிச்சலுகை எதுவும் கிடையாது. வட அமெரிக்காவுக்கான ஹொண்டா கையேடுகள் பலவற்றில், குறித்த தவணை வரும்வரை முதல் ஒயிலை மாற்ற வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. உங்கள் கையேட்டில் அப்படியொரு வரி இருந்தால், உத்தரவாதக் காலத்தில் அதை மீறுமுன் முகவரிடம் கேட்டுவிடுங்கள். வாகனத்தைச் செய்தவன் சொன்னதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

அக்காவின் கையேட்டில் 10,000 கிலோமீற்றர் அல்லது 12 மாதம் என்று இருக்கிறது. அதைத்தான் அவர் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "கடுமையான பாவனை" என்ற தலைப்பின்கீழ் எல்லாம் பாதியாகிறது: 5,000 அல்லது 6 மாதம். ஜப்பானிலும் இதே முறைதான். டொயோட்டாவின் 15,000 அங்கே 7,500 ஆகவும் ஒரு வருடம் ஆறு மாதமாகவும் சுருங்கும். கடுமையான பாவனை என்றவுடன் மலைப்பாதையும் காட்டுப்பாதையும் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு தடவையில் 8 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும் குறும்பயணங்களை அடிக்கடி செய்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நெரிசலில் மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து ஓடுவதும் இருக்கிறது.

அக்காவின் நாள் என்ன? காலையில் கோண்டாவிலிலிருந்து பட்டணத்துப் பாடசாலைக்கு ஐந்து கிலோமீற்றர். பிற்பகல் அதே ஐந்து. வெள்ளிக்கிழமை நல்லூர், இடையில் திருநெல்வேலிச் சந்தை. எஞ்சினின் தண்ணீர் சூடாகி மீற்றரின் நீல விளக்கு அணைந்தாலும், ஒயில் முழுச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கப்படுகிறது. அதில் கொஞ்சம் எரியாமல் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ஒயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் போய்விடும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கிவிடும். மண்ணெண்ணெய்க் காலத்தில் வாளி கணக்கில் நடந்தது இங்கே கரண்டி கணக்கில் நடக்கிறது. குளிர்நாடுகளில் போலப் பனியும் ஈரமும் சேர்ந்து படுத்தும் பாடு நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஓடி அணையும் எஞ்சின், வருடம் முழுவதும் பாதிச் சூட்டிலேயே வாழ்கிறது.

இப்போது அக்காவின் மீற்றரைப் பாருங்கள். மாதம் சுமார் 400 கிலோமீற்றர். 10,000 எட்ட இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். 12 மாதக் கணக்கில் போனால், உலோகத்தூள் கலந்த முதல் ஒயில் ஒரு வருடம் உள்ளே கிடக்கும். ஆறு மாதக் கணக்கில் போனால் 2,400இல் மாற்றுவார். கையேட்டின் சரியான பக்கத்தைத் திறந்தாலே, என் மூவாயிரத்துக்கு முன்பே அவர் வந்து நிற்கிறார்.

மூவாயிரத்தில் மாற்றுவது

என் தெரிவு இது, அதனால் இதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த எண் நான் பார்த்த எந்தக் கையேட்டிலும் இல்லை. 2,500 என்றாலும் 3,200 என்றாலும் வித்தியாசத்தை யாரும் அளந்து காட்ட முடியாது. பத்து வருடத்துக்குப் பிறகு என் எஞ்சினும் மைத்துனரின் எஞ்சினும் எப்படி இருக்கும் என்பதை ஒயில் மட்டும் தீர்மானிக்கப் போவதும் இல்லை.

ஆனாலும் காரணம் இருக்கிறது. ரிங் இசைவு முடிந்து, உதிர வேண்டியதில் பெரும்பகுதி உதிர்ந்த பிறகு வடித்தால் ஒரே மாற்றத்தில் அதிகம் வெளியேறுகிறது. என் கார் ஹைபிரிட் என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. பட்டணத்துக்குள் மெதுவாக ஓடும்போது பெற்றோல் எஞ்சின் அடிக்கடி அணைந்து, மின்மோட்டார்தான் காரை இழுக்கிறது. மீற்றர் ஆயிரம் காட்டும்போது எஞ்சின் உண்மையில் சுழன்றது அதைவிடக் குறைவு. ஹைபிரிட்டை ஆயிரத்தில் வடிப்பது, சோறு வேகுமுன் கஞ்சி வடிப்பது போன்றது. அதே சமயம், அணைந்து அணைந்து எரிவதால் அதன் ஒயில் சூடாவதும் தாமதம். ஆகவே மிகவும் தள்ளிப்போடவும் கூடாது.

மூவாயிரத்தில் என் ஒயிலையும் அதே கோப்பையில் வடித்தோம். நிறம் கறுத்துப் பழைய தேயிலைச் சாயம்போல இருந்தது. கறுப்பைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அழுக்கைத் தாங்கி வைத்திருப்பது ஒயிலின் வேலை. வெயிலில் பிடித்தபோது அதே வெள்ளித்தூள், மைத்துனரின் கோப்பையில் கண்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுழன்றது. அண்ணை பழைய பில்டரை வாளால் அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துக் காட்டினார். மடிப்பின் அடியில், ஊசிமுனை அளவில் மூன்று நான்கு பளபளப்புத் துணுக்குகள். அவற்றைப் பில்டர் பிடித்துவிட்டது. பிடிபடாதவை கோப்பையில் இருந்தன.

ஒரு வேடிக்கையான உண்மையும் தெரிந்தது. மைத்துனருக்குக் கிளிநொச்சியில் வேலை. தினமும் ஏ9 வீதியில் போக 65, வர 65 கிலோமீற்றர். அவருடைய ஒயில் தினமும் முழுச் சூட்டுக்கு வந்து, பெற்றோல் ஈரம் எல்லாம் ஆவியாகிப் போகிறது. மூவரிலும் ஒயிலுக்கு நல்ல வாழ்க்கை கிடைத்தது அவருடைய காரில்தான். முதலில் மாற்றியவரும் அவர்தான். ஒரு தடவைக்கு ஐந்து கிலோமீற்றர் மட்டுமே ஓடும் அக்காவின் ஒயில்தான் கூடுதல் கவனிப்பைக் கேட்கிறது, அதற்குத்தான் இன்னும் அது கிடைக்கவில்லை.

எண்ணைவிட முக்கியமான முதல் நாள்

நம் புதுக்கார்களில் பெரும்பாலானவற்றின் முதல் பயணம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். புத்தளம், அநுராதபுரம் தாண்டி மதவாச்சியில் ஏ9இல் ஏறினால் பிறகு நேர்ப்பாதை. முடுக்கியில் கால் வைத்து ஒரே வேகத்தில் அழுத்திக்கொண்டு வந்துவிடலாம். புது எஞ்சினுக்கு ஆகாதது அதுதான். டொயோட்டா கையேடுகள் முதல் 1,000 கிலோமீற்றருக்கு அதிவேகம் வேண்டாம், திடீர் முடுக்கம் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம் என்கின்றன. 50, 65, 55 என்று வேகத்தை மாற்றி மாற்றி வாருங்கள். வவுனியாவில் தேநீருக்கு நிறுத்துங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தும்போது எஞ்சினும் ஆறுகிறது. ஒயிலை எப்போது மாற்றினோம் என்பதைவிட இந்த நானூறு கிலோமீற்றரை எப்படி ஓட்டினோம் என்பது ரிங் இசைவுக்கு அதிகம் உதவும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. "புதுக்கார்" என்று நாம் சொல்பவற்றில் பல, ஜப்பானில் ஒருவர் ஓட்டிவிட்டு ஏலத்தில் விட்டவை. அவற்றுக்கு மேலே சொன்ன மூன்று கணக்கும் பொருந்தாது. உள்ளே எந்த ஒயில், எத்தனை மாதம் கிடந்தது என்று தெரியாத காருக்கு, வந்த வாரத்திலேயே ஒயிலும் பில்டரும் மாற்றிவிட வேண்டும். டர்போ காராக இருந்தாலும் நான் தயங்கமாட்டேன். டர்போவின் தண்டு சுழல்வதும் இதே ஒயிலில்தான். முற்றிலும் புதிய டர்போ காரில் முதல் ஒயிலை 2,500ஐத் தாண்ட விடமாட்டேன்.

அப்படியானால் சாதாரணப் புதுப் பெற்றோல் காருக்கு? பட்டணத்துக்குள் ஓடுகிறவர் 2,500க்கும் 3,000க்கும் இடையில், அல்லது ஆறு மாதத்தில், எது முந்துகிறதோ அதில் மாற்றட்டும். கிளிநொச்சி, வவுனியா என்று தினமும் நெடுந்தூரம் போகிறவர் 5,000 வரை போனாலும் நான் கவலைப்படமாட்டேன். ஆயிரத்தில் மாற்றியே தீருவேன் என்பவர் மாற்றட்டும். ஆனால் அடுத்ததை 4,000க்குள் வைத்துக்கொள்ளட்டும். அதன்பின் எல்லோருக்கும் 5,000 அல்லது ஆறு மாதம் போதும்.

எந்த எண்ணில் மாற்றினாலும் பில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். வடிப்பு ஆணியின் வொஷரும் புதிதாக இருக்க வேண்டும். கையேட்டில் ஒயிலின் தடிப்பு 0டபிள்யூ-20 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். "நம் வெயிலுக்கு இது தண்ணீர் மாதிரி, தடித்ததாகப் போடுவோம்" என்று சில கராஜ்களில் சொல்வார்கள். எஞ்சினின் சூட்டை அதன் தேர்மோஸ்டட் ஒரு மட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே 34 பாகை வெயில் அதைப் பெரிதாக மாற்றாது. போத்தலின் மூடி உங்கள் கண்முன் திறக்கப்படுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டில் திகதி, மீற்றர் அளவு, ஒயிலின் தரம் மூன்றும் எழுதி வாங்குங்கள். உத்தரவாதத்தில் ஒரு பிரச்சினை வந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் துண்டுத்தாள்தான்.

கடைசியாக, வடித்த ஒயில். முந்தி மாற்றுவதால் கூடுதலாக மூன்று நான்கு லீற்றர் கழிவு ஒயில் உருவாகிறது. கறையானுக்குப் பூச நாலு வீட்டுக்காரர் கேட்டு வாங்குவார்கள், மிச்சத்தைச் சில இடங்களில் வேலியோரம் ஊற்றிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றதையும், அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்ததையும் நாம் மறந்துவிட முடியாது. கொக்குவில் அண்ணையின் கராஜில் மூடியோடு ஒரு நீல பீப்பாய் இருக்கிறது. நிறைந்தால் சேகரிப்பவர் வந்து எடுத்துச் செல்கிறார். அறுத்த பில்டரைக்கூட அவர் அந்தப் பீப்பாய்க்கு மேலே ஒரு கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் அன்று கடையைப் பூட்டினார். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோதும் அதிலிருந்து ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது.